சுவர் மூலையில் முள், கதவோரத்தில் ஒளிக்கசிவு: கற்பனை வரைபடங்களில் சுவர் படுத்தும் பாடு

கேள்வி, பிப்ரவரி 3

கணினித் திரையில் ஆடும் கற்பனைப் பாத்திர ஆட்டத்துக்காக, வரைபட மென்பொருளில் கோட்டை வரைபடம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். நேர்ச்சுவர் வரை எல்லாம் சரி. கூர்மையான மூலை வந்தால் சுவரிலிருந்து முள் மாதிரி ஒன்று வெளியே நீள்கிறது. வேறு சில மூலைகளில் முள் இல்லை, ஆனால் மொட்டையாக நறுக்கியதுபோல் இருக்கிறது. கதவு வைத்தால் சில சுவர்கள் வெட்டுப்படுகின்றன, சில சுவர்கள் கதவுக்குக் குறுக்கே அப்படியே ஓடுகின்றன. எப்படியோ ஒப்பேற்றி ஆட்டத்தில் ஏற்றினால் மூடிய அறையிலிருந்து வெளிச்சம் கோடாகக் கசிகிறது. மென்பொருளை மாற்றிப் பார்த்தேன், மூன்றிலும் இதே கதை. சுவர்க் கருவியை யாரும் சோதித்துப் பார்க்காமலே வெளியிடுகிறார்கள் என்பது என் முடிவு. வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

இருக்கிறது. மூன்றிலும் ஒரே கோளாறு என்றால் மூன்றும் ஒரே கணக்கைப் போடுகின்றன என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நீங்கள் பார்ப்பது கல்சுவர். நிரலுக்குத் தெரிந்ததோ வரிசையாக வைத்த சில புள்ளிகள் மட்டும்தான். கல், தடிப்பு, நிழல் எல்லாம் அந்தப் புள்ளிகளின் மேல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூசப்படுபவை. சிக்கல் புள்ளியில் இருக்கும், நாம் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருப்போம்.

முதலில் டெக்ஸ்சரை, அதாவது சுவர்மேல் பூசிய கல் படத்தை, எடுத்துவிட்டு ஒரே நிறம் கொடுங்கள். நிழலை அணையுங்கள். சுவரின் தடிப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். அப்புறம் புள்ளிகளைத் திருத்தும் கருவியை எடுத்து, எங்கெங்கே எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த நிலையில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை, அதுதான் வேண்டும்.

பிப்ரவரி 4, காலை

படம் பார்த்தேன். முள் வரும் இடங்கள் எல்லாம் நட்சத்திர வடிவக் கொத்தளத்தின் நுனிகள். எதிர்பார்த்ததுதான்.

தடிப்பான இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சேரும்போது வெளிப்பக்கம் ஒரு பிளவு விழும். அதை மூட வழக்கமாக மூன்று வழிகள். வெளி ஓரங்கள் இரண்டையும் அவை சந்திக்கும்வரை நீட்டுவது மைட்டர். வளைவாக மூடுவது ரவுண்ட். குறுக்கே நேராக நறுக்கிவிடுவது பெவல். பெரும்பாலான மென்பொருள்களில் சுவருக்கு மைட்டர்தான் இயல்பு, ஏனென்றால் 90 பாகை அறைக்கு அதுதான் அழகு.

மைட்டரின் நீளம் எவ்வளவு? சுவரின் தடிப்பை, மூலைக்கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் வகுத்தால் வருவது. 90 பாகையில் தடிப்பைப்போல் 1.41 மடங்கு. 45 பாகையில் 2.6 மடங்கு. 20 பாகைக்கு வந்தால் 5.76, 10 பாகையில் 11.5. கால் கட்டம் (கட்டம் என்பது வரைபடத்தின்மேல் விரித்த சதுரங்களில் ஒன்று) தடிப்புள்ள சுவர் 20 பாகையில் திரும்பினால் உள்மூலையிலிருந்து வெளிநுனி வரை கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டம். உங்கள் முள் அதுதான்.

இது கட்டுக்கடங்காமல் நீளக்கூடாது என்று ஒரு வரம்பும் வைத்திருப்பார்கள். எஸ்விஜி கோப்புகளில் (படத்தைக் கோடுகளாகச் சேமிப்பவை) அந்த வரம்பின் இயல்பு மதிப்பு 4. மைட்டர் நீளம் தடிப்பின் 4 மடங்கைத் தாண்டினால், அதாவது மூலை சுமார் 29 பாகைக்குக் கீழே போனால், மைட்டரைக் கைவிட்டு பெவலுக்குப் போய்விடும். பிடிஎஃப் கோப்பிலும் உலாவியின் கேன்வாஸிலும் இயல்பு 10, அதாவது சுமார் 11.5 பாகை. ஆக முள்ளும் மொட்டையும் இரண்டு கோளாறுகள் இல்லை, ஒரே விதியின் இரண்டு பக்கங்கள். வரம்பு 4 இருக்கும் இடத்தில் 30 பாகை மூலை முள்ளாகும், 28 பாகை மூலை மொட்டையாகும். புள்ளியை ஒரு நூலளவு நகர்த்தியதும் மூலை சட்டென்று உருமாறுவது இதனால்தான். திரையில் ஒரு மாதிரியும் பிடிஎஃப்பில் வேறு மாதிரியும் தெரிந்தால் அதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

எளிய தீர்வு: மூலை வகையை ரவுண்டுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் நுனியை வெட்டிவிட்டு, ஒரு புள்ளி இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகள் வையுங்கள், சுவரின் தடிப்பு அளவுக்கு இடைவெளி விட்டு. 20 பாகை மூலை ஒன்று போய், தலா 100 பாகையில் இரண்டு மூலைகள் வரும். முள் முளைக்க இடமே இருக்காது.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

இன்னொருவர் கேட்கிறார்: மூலையே இல்லாத நேர்ச்சுவரின் நடுவில் முள் வந்தால்?

அங்கே மூலை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கை நடுங்கி ஒன்றிரண்டு பிக்சல் தூரத்தில் இரண்டு முறை சொடுக்கியிருப்பீர்கள். இரண்டாவது புள்ளி முதல் புள்ளிக்குப் பின்னால் விழுந்திருந்தால் கோடு பின்னே போய் மறுபடி முன்னே வருகிறது. கோணம் கிட்டத்தட்ட சுழி. வரம்பு வைக்காத மென்பொருளாக இருந்தால், மேலே சொன்ன கணக்கில் சுழியைப் போட்டுப் பாருங்கள்.

இரட்டைச் சொடுக்கில் சுவரை முடிக்கும் கருவிகளிலும் இதே தொல்லை உண்டு. இரண்டு சொடுக்கும் இரண்டு புள்ளிகளாகப் பதிவானால் கடைசித் துண்டின் நீளம் சுழி, அதற்குத் திசையே கிடையாது. சுவரின் முனை எந்தப் பக்கம் திரும்புவது என்று நிரலுக்குத் தெரியாது. வலது சொடுக்கு அல்லது என்டர் விசையால் முடித்துப் பழகுங்கள்.

பிப்ரவரி 5

கதவு விஷயம். இதில் இரண்டு பரம்பரைகள் உண்டு.

கேம்பெய்ன் கார்ட்டோகிராபர் போல கேட் (பொறியியல் வரைவு மென்பொருள்) மரபில் வந்த மென்பொருள்களில் கதவுச் சின்னத்தைச் சுவர்மேல் வைத்தால் அது சுவரை உண்மையிலேயே வெட்டும். கோடு அந்த இடத்தில் இரண்டாகிவிடும். பின்னால் கதவை நீக்கினால் ஓட்டை அப்படியே இருக்கும். கதவைப் பிறகு சிறிதாக்கினாலும் ஓட்டை சிறிதாகாது, ஏனென்றால் வெட்டு வைத்த நேரத்தின் அளவுக்கு விழுந்தது.

டன்ஜன்ட்ராஃப்ட் போன்றவற்றில் கதவும் சன்னலும் சுவரோடு தொங்கும் தனிப் பொருள்கள். சுவர் முழுதாகவே இருக்கும், கதவு இருக்கும் பகுதியை மட்டும் வரையாமல் விட்டுவிடும். கதவை நகர்த்தினால் இடைவெளியும் கூடவே போகும்.

நீங்கள் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கும் பிறகு திரும்பவும் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும்.

வெட்டும் வகையில் கவனிக்க வேண்டியது சுவர் மூடிய பலகோணமா, திறந்த கோடா என்பது. மூடிய பலகோணத்தை ஓரிடத்தில் வெட்டினால் அது திறந்த கோடாகிவிடும். திறந்த கோட்டுக்கு உள்ளே நிறம் நிரப்ப முடியாது. "கதவு வைத்ததும் தரை காணாமல் போய்விட்டது" என்று வருகிறவர்கள் எல்லாம் இந்த வகை. தரையையும் சுவரையும் ஒரே உருவமாக வரைந்திருப்பார்கள். தரையைத் தனியாக, சுவருக்குக் கீழே உள்ள அடுக்கில் (லேயரில்) வரையுங்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

பிப்ரவரி 6

"அதே தடிப்பு, அதே நிறம், அதே அறை, ஆனால் ஒரு சுவர் மட்டும் வெட்டுப்படவில்லை."

அது வேறு லேயரில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

பிப்ரவரி 6, மாலை

லேயரில்தான் இருந்ததாம். நல்லது. சுவரை நகலெடுத்து ஒட்டும்போது அது எந்த லேயரில் போய் விழுகிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சிலவற்றில் மூலத்தின் லேயர், சிலவற்றில் இப்போது தேர்ந்தெடுத்திருக்கும் லேயர். என் வழக்கம்: மற்ற லேயர்கள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு சுவர் லேயரை மட்டும் காட்டச் சொல்வேன். எந்தச் சுவர் திரையில் இல்லையோ அது தப்பான வீட்டில் குடியிருக்கிறது.

பிப்ரவரி 8

இப்போது ஒளிக்கசிவு. இதைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்ட மேடை மென்பொருள், அதாவது வரைபடத்தை ஏற்றி ஆடும் மென்பொருள், உங்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை. படத்தின்மேல் தனியாக விரித்த கோடுகளைப் பார்க்கிறது. விளக்கு அல்லது பாத்திரம் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு கோட்டின் முனைக்கும் கதிர் விடும். முனையின் இரண்டு பக்கமும் மயிரிழை விலகி இன்னும் இரண்டு கதிர்கள் விடுவதும் வழக்கம். அந்தக் கதிர் எங்கே முட்டுகிறதோ அதுவரை வெளிச்சம். இரண்டு சுவர் முனைகளுக்கிடையே நூறில் ஒரு பிக்சல் இடைவெளி இருந்தாலும் கதிர் அதில் நுழைந்து போய்விடும். திரையில் இடைவெளி தெரியாது, அறைக்கு வெளியே நீளமான ஒளிக்கோடு மட்டும் தெரியும். கோடு எங்கே தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போனால் ஓட்டை கிடைக்கும். துப்பறிவதற்கு இதைவிட எளிய வழக்கு கிடையாது.

கசிவு அதிகம் வருவது "டி" வடிவச் சந்திப்பில். ஒரு சுவரின் நடுவில் இன்னொரு சுவர் வந்து முட்டும் இடம். மூலையில் இரண்டு முனைகளும் ஒரே புள்ளியில் ஒட்டிக்கொள்ளும், ஸ்நாப் (பக்கத்துப் புள்ளியில் தானாக ஒட்டவைக்கும் வசதி) பார்த்துக்கொள்ளும். சுவரின் நடுவிலோ ஒட்டிக்கொள்ளப் புள்ளியே இல்லை. சாய்ந்த சுவராக இருந்தால் கேட்கவே வேண்டாம், கட்டப் புள்ளி எதுவும் அதன்மேல் விழாது. அதனால் முட்டும் சுவரைக் கொஞ்சம் தாண்டி இழுத்து விடுங்கள். கதிர்க் கணக்கில் சுவர்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் ஒரு நட்டமும் இல்லை.

ஃபவுண்ட்ரி என்ற ஆட்ட மேடையில் வரைகிறவர்களுக்கு: கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வரைந்தால் ஒரு சுவர் முடிந்த புள்ளியிலேயே அடுத்தது தொடங்கும். மூலைக் கசிவு பெரும்பாலும் அத்தோடு தீரும். ஷிஃப்டை அழுத்தினால் கட்டத்தில் ஒட்டாது. இரண்டு விசைகளையும் மாற்றி அழுத்துகிறவர்கள்தான் இங்கே கேள்வி கேட்க வருகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிப்ரவரி 8, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் வரைபடத்திலேயே எல்லாச் சுவரையும் தாண்டி இழுத்துவிட்டார். இப்போது சந்திப்புகளில் எல்லாம் நிழல் இரண்டு முறை விழுகிறது.

நான் சொன்னது ஒளிக்கான கோடுகளுக்கு. படத்தில் வரையும் சுவருக்கு அல்ல. ஒளிக்கு மேற்படிவு நல்லது. படத்துக்கு மேற்படிவு கெட்டது, ஏனென்றால் ஒவ்வொரு சுவரும் தன் நிழலைத் தானே போடும். இந்த இரண்டு தேவைகளும் நேர் எதிர். ஒரே கோட்டை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஏதாவது ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். நான் படத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஒளிக்கோடுகளை ஆட்ட மேடையில் கையால் திருத்துகிறேன். சோம்பலாக இருக்கும் நாளில் நிழலையே அணைத்துவிடுவேன்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் தன் ஏற்றுமதிக் கோப்பை அனுப்பியிருந்தார். டன்ஜன்ட்ராஃப்ட் தரும் டிடி2விடிடி கோப்பு உண்மையில் ஒரு ஜேசன் உரைக்கோப்பு. ஒளி தடுக்கும் கோடுகள், கதவுகள், விளக்குகள் எல்லாம் எண்களாக அதில் இருக்கும், அளவு கட்டக் கணக்கில். அதாவது மூன்றாவது கட்டத்தின் ஓரத்தில் நிற்கும் சுவர் 3 என்று எழுதியிருக்க வேண்டும். உரைத்திருத்தியில் திறந்து பார்த்தால் 2.984 என்று இருந்தால் குற்றவாளி அகப்பட்டார். (எச்சரிக்கை: வரைபடத்தின் படமும் எழுத்துகளாக மாறி அதே கோப்புக்குள் ஒரே வரியாக இருக்கும். சாதாரண உரைத்திருத்தி அந்த வரியில் மூச்சுத் திணறும்.)

இவர் கோப்பில் நேர்ச்சுவர்கள் எல்லாம் முழு எண்கள். கோபுரம்தான் சிக்கல். படத்தில் அழகான வட்டம், ஒளிக்கோட்டில் 16 பக்கப் பலகோணம். ஆரம் 5 கட்டம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு உண்மையான வட்டத்திலிருந்து உள்ளே தள்ளி நிற்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 0.096 கட்டம். கட்டத்துக்கு 140 பிக்சல் என்றால் 13 பிக்சலுக்கு மேல். மெல்லிய சுவர் என்றால் ஒளிக்கோடு சுவரைவிட்டுத் தரைக்கே வந்துவிடும். கசிவுபோலத் தெரிந்தது கசிவே இல்லை, கோடு தள்ளி நிற்பதால் சுவரோரம் பிறை பிறையாக இருட்டு.

பக்கங்களை 32 ஆக்கினால் விலகல் 0.024 கட்டம், மூன்று பிக்சல் சொச்சம். இரட்டித்தால் விலகல் கால்பங்காகும் என்பதுதான் இதில் இனிமை. 64 வரை போகவேண்டியதில்லை, ஒளிக் கணக்கு வீணாகக் கனக்கும்.

வளைவுச் சுவர் எதுவானாலும் உள்ளே இப்படித்தான். பெசியர் வளைவுக்கு (சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வரையறுக்கும் வளைவு) இணையாகச் சுவரின் தடிப்பு தூரத்தில் இன்னொரு வளைவு வரைந்தால் அது பொதுவாக பெசியராகவே இருக்காது. அதனால் எந்த மென்பொருளும் ஓரங்களைத் துண்டு துண்டாகத் தோராயம் செய்தே தீரவேண்டும்.

பிப்ரவரி 12

புதுக் கேள்வி: இரண்டு சுவர்த் துண்டுகள் சரியாக ஒட்டித்தான் நிற்கின்றன, எண்களும் ஒன்றுதான், ஆனால் ஏற்றுமதி செய்த படத்தில் நடுவே மெல்லிய வெளிர்கோடு.

இது புள்ளிக் கோளாறு இல்லை. முதல் நாள் சொன்ன விதிக்கு விலக்கு, சந்தோஷப்படுங்கள். இரண்டு துண்டுகளின் ஓரமும் ஒரு பிக்சலின் நடுவே போகிறது என்று வையுங்கள். முதல் துண்டு அந்தப் பிக்சலில் பாதியை மூடுகிறது, ஓரத்தை மென்மையாக்குவதற்காக 50 விழுக்காடு நிறம் பூசப்படும். இரண்டாவது துண்டு மீதிப் பாதியை மூடுகிறது, அதுவும் 50 விழுக்காடு. ஆனால் இரண்டாவது பூசப்படுவது முன்பே பூசியதன் மேல். மிஞ்சிய பாதியில் பாதியைத்தான் அது மறைக்கும். 25 விழுக்காடு பின்னணி எட்டிப் பார்க்கும். முழுதாக மூட வேண்டிய இடத்தில் முக்கால்தான் மூடும்.

துண்டுகளை இணைத்து ஒரே சுவராக்குங்கள். முடியாவிட்டால் இரட்டை அளவில் ஏற்றுமதி செய்து பாதியாகச் சுருக்குங்கள், கோடு ஏறக்குறைய மறைந்துவிடும். பின்னணியைச் சுவரின் நிறத்துக்கு மாற்றுவதும் ஒரு தந்திரம். அழுக்குத் தந்திரம், ஆனால் வேலை செய்யும்.

பிப்ரவரி 15

"இடது பக்க அறையை நகலெடுத்து வலது பக்கம் கண்ணாடிப் பிம்பமாக வைத்தேன். சுவரின் உள்முகம் வெளியே போய்விட்டது, நிழலும் தப்பான பக்கம்."

புள்ளிகளுக்கு வரிசை உண்டு என்றேனே, அதன் பலன். சுவரை வலஞ்சுழியாக வரைந்தால் ஒரு பக்கம் "உள்ளே", இடஞ்சுழியாக வரைந்தால் மறுபக்கம். பிம்பம் எடுத்தால் சுழற்சி தலைகீழாகும். வெறுமனே சுழற்றினால் அப்படித் தலைகீழாகாது. சுவரின் திசையைத் திருப்பும் கட்டளை பெரும்பாலான மென்பொருள்களில் எங்கேயோ ஒளிந்திருக்கும். இல்லாவிட்டால் அந்த அறையைப் பிம்பமாக்காமல் புதிதாக வரையுங்கள்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இறக்குமதி செய்யும்போது எல்லாச் சுவரும் ஒரேயடியாகத் திரும்பினால் பதற வேண்டாம். திரைக்கான நிரல்களில் மேலிருந்து கீழ் அளவு பெரும்பாலும் கீழ்நோக்கிக் கூடும், கேட் மரபில் மேல்நோக்கிக் கூடும். படம் தலைகீழாகாமல் இருக்கப் புள்ளிகளைக் கவிழ்ப்பார்கள், கவிழ்ப்பதும் பிம்பம்தான்.

நடுவில் முற்றம் உள்ள கட்டடத்துக்கும் இதே திசை முக்கியம். சில நிரல்கள் உள்வளையம் வெளிவளையத்துக்கு எதிர்த்திசையில் போனால்தான் முற்றத்தை ஓட்டையாகக் கருதும். ஒரே திசையில் போனால் முற்றத்தின்மேல் தரை போட்டு மூடிவிடும். வேறு சில நிரல்கள் எத்தனை கோடுகளைத் தாண்டினோம், ஒற்றையா இரட்டையா என்று மட்டும் பார்க்கும். அவற்றில் முற்றம் சரியாக வரும், ஆனால் எட்டு வடிவில் தன்னையே மேவும் நடைபாதை வரைந்தால் மேவிய இடம் பள்ளமாகிவிடும். எது உங்களுடையது என்று அறிய ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரே திசையில், இரண்டு சதுரங்கள் போட்டால் போதும்.

பிப்ரவரி 16

இழை கொஞ்சம் திசை மாறுகிறது, நான் தடுக்கப்போவதில்லை. "சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர ஆட்டத்தின் கணக்கில் ஒரு கட்டம் 5 அடி. இங்கிலாந்தின் டோவர் கோட்டைப் பெருங்கோபுரத்தில் சுவரின் தடிப்பு 21 அடி வரை போகிறது. அதாவது நான்கு கட்டங்களுக்கு மேல் வெறும் சுவர். அந்தச் சுவருக்குள்ளேயே சிறு அறைகள் குடைந்திருக்கிறார்கள். நாம் கால் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அசைக்க முடியாத கோட்டை என்று பெயர் வைக்கிறோம்.

அவ்வளவு தடித்த சுவருக்குச் சுவர்க் கருவியே வேண்டாம். பாறையை நிரப்பிவிட்டு அறைகளை அதில் தரையாக வெட்டுங்கள். மைட்டர், பெவல் எந்தப் பேச்சும் எழாது. சுவர்க் கருவி உள் தடுப்புகளுக்கு மட்டும்.

ஒளிக்கோடு எங்கே போடுவது என்ற கேள்வியும் கூடவே வரும். சுவரின் நடுவில் போட்டால் உள்ளிருப்பவருக்கும் வெளியிருப்பவருக்கும் பாதிப் பாதித் தடிப்பு தெரியும். மெல்லிய சுவருக்கு அது போதும். தடித்த சுவருக்கு ஃபவுண்ட்ரியின் டெரெய்ன் வகைக் கோட்டைச் சுவரின் இரு ஓரத்திலும் போட்டுப் பாருங்கள். பார்வை முதல் கோட்டைத் தாண்டும், இரண்டாவதில் நிற்கும். கல் முழுவதும் தெரியும், அதற்கு அப்பால் இருட்டு.

பிப்ரவரி 19

குகைச்சுவர். கையால் இழுத்து வரைந்தால் மவுஸ் அசைந்த இடமெல்லாம் புள்ளி. ஒரே குகையில் ஆயிரக்கணக்கில் சேரும், படம் தவழத் தொடங்கும்.

எளிமையாக்கும் பொத்தான் இருந்தால் அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் டக்ளஸ்–பியூக்கர் முறை. 1972-இல் ராமர் ஒரு பக்கமும் 1973-இல் டக்ளஸும் பியூக்கரும் இன்னொரு பக்கமும் வெளியிட்டது. தொடக்கத்தையும் முடிவையும் நேர்கோட்டால் இணைத்து, அதிலிருந்து அதிகம் விலகி நிற்கும் புள்ளியைத் தேடும். விலகல் நீங்கள் கொடுத்த அளவுக்கு மேல் என்றால் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு இருபுறமும் அதே வேலையைச் செய்யும். குறைவு என்றால் நடுவில் உள்ள எல்லாவற்றையும் தூக்கிவிடும். நிலவரைபடங்களின் கோடுகளைச் சுருக்கப் பிறந்த முறை, கற்பனை நிலத்துக்கும் பொருந்துகிறது.

தொல்லை என்னவென்றால் தரையையும் சுவரையும் தனித்தனியே எளிமையாக்கினால் இரண்டிலும் வேறு வேறு புள்ளிகள் மிஞ்சும், ஓரத்தில் பிளவுகள் விழும். சுவரை முதலில் எளிமையாக்கி, அதையே நகலெடுத்துத் தரையாக்குங்கள்.

பிப்ரவரி 20

4ஆம் தேதி ரவுண்ட் மூலையைப் பரிந்துரைத்தேன். குகைகளுக்கும் மண்சுவருக்கும் அதில் மாற்றமில்லை. செதுக்கிய கல்லுக்கு இப்போது அவ்வளவு உற்சாகம் இல்லை. செங்கல், கல் வரிசை உள்ள டெக்ஸ்சர் வளைவில் விசிறிபோல் விரிந்து மூலை குழைந்த மாதிரி ஆகிறது. நுனியை வெட்டி இரண்டு புள்ளிகள் வைக்கும் வழிதான் அங்கே பார்க்க நன்றாக இருக்கிறது. சேரும் இடத்தில் டெக்ஸ்சர் ஒட்டாமல் நின்றால் அங்கே ஒரு தூணை நிறுத்திவிடுங்கள். கட்டடக் கலைஞர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று நம்ப எனக்கு ஆசை.

மார்ச் 1

எண்களெல்லாம் சரியாக இருந்தும் சுவர் கட்டத்தில் ஒட்ட மறுக்கிறது என்று ஒருவர். எவ்வளவு ஜூமில் வரைகிறீர்கள்? ஒட்டும் தூரம் பல மென்பொருள்களில் திரைப் பிக்சலில் வைக்கப்பட்டிருக்கும். முழு வரைபடத்தையும் காட்டும் ஜூமில் பத்து பிக்சல் என்பது ஒரு முழுக் கட்டமாகவே இருக்கலாம், பக்கத்துப் புள்ளி இழுத்துக்கொள்ளும். உள்ளே நெருங்கி வரையுங்கள்.

கண்டம் ஒன்றையே ஒரே கோப்பில் வைத்து அதன் கோடியில் ஊர் வரைகிறவராக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. 32 பிட் தசம எண்ணுக்கு 24 பிட் துல்லியம்தான். ஆயம் (புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்) 10 லட்சத்தை நெருங்கும்போது அடுத்தடுத்த எண்களுக்கிடையே இடைவெளி 0.0625. அதைவிட நுட்பமாகச் சுவர் வைக்கவே முடியாது, எல்லாம் நடுங்கும். ஊரைத் தனிக் கோப்பில், ஆயங்கள் சுழியாக இருக்கும் ஆதிப்புள்ளிக்குப் பக்கத்தில் வரைவதுதான் வழி.

மார்ச் 2

கேள்வி கேட்டவரிடமிருந்து: முள் போய்விட்டது, கதவுகள் திறக்கின்றன, கோபுரம் சரி. ஒன்று மட்டும் பாக்கி. ஜூம் செய்யச் செய்ய சுவரின் நிழல் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறதாம், ஏற்றுமதிப் படத்தில் மூன்றாவது ஓர் அளவில் வருகிறதாம்.

நிழலின் அமைப்புச் சாளரத்தைத் திறந்து நீளம் எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். பார்வை அகலத்தின் விழுக்காடு என்று இருக்கும். அதை வரைபட அலகுக்கு மாற்றிவிட்டு, 5 அடி கட்டம் என்றால் ஒன்று அல்லது ஒன்றரை அடி கொடுங்கள். சுவர் லேயருக்கு மட்டும் மாற்றினால் போதாது, தூண்களுக்கும் படிக்கட்டுக்கும் தனித்தனி நிழல் அமைப்பு இருக்கும்.